கோள்மூட்டி சொன்ன பெயர்

நான் யாரையும் நம்புவதில்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பதவியின் பெயர் தொற்று விசாரணை அலுவலர். சொந்தப் பெயர் சுகந்தி. ஆறாவது மாடி நர்சுகள் வைத்திருக்கும் பெயர் சந்தேக மேடம். நான் லிஃப்டை விட்டு இறங்கியதும் அவர்கள் பேச்சு சட்டென்று நின்றுபோகும். நிற்கட்டும். யார் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பதும் என் வேலைதான்.

கோயம்புத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் பதினெட்டுக் கண்ணாடி அறைகள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிட்டது. ரத்தம் சமைக்கிற அடுப்பு அது. அணைந்துபோனால் சிவப்பணு இல்லை, ஆள் வெளுத்துப்போவான். தட்டணு இல்லை, பல் துலக்கினால் ரத்தம் நிற்காது. வெள்ளையணு இல்லை, உடம்புக்குக் காவலே கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இரண்டு நாள் மூக்கை ஒழுகவைக்கிற கிருமி, அவர்களை நான்கு நாளில் கொண்டுபோய்விடும். அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர்கள் "என்ன கிருமி?" என்று கேட்பார்கள். நான் "யார் கொண்டுவந்தது?" என்று கேட்பேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மெஷின் இருக்கிறது. அரசாங்கம் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்தது. யாருக்கும் வாயில் நுழையாததால் ஆஸ்பத்திரி முழுக்க அதைக் கோள்மூட்டி என்றுதான் சொல்வோம். நோயாளியின் ரத்தம் ஐந்து சொட்டு உள்ளே ஊற்றினால், கிருமியைக் கொண்டுவந்தவரின் பெயரைச் சொல்லிவிடும். நான் விசாரித்துக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பெயர் தடைப் பட்டியலில் ஏறும். அப்புறம் ஆயுசுக்கும் எந்த ஆஸ்பத்திரி வாசலும் அவருக்குத் திறக்காது. குழந்தைகள் இருக்கிற இடத்திலோ சாப்பாடு செய்கிற இடத்திலோ வேலை கிடையாது. கடுமைதான். ஆனால் பட்டியல் வந்த பிறகு ஜனங்கள் கை கழுவக் கற்றுக்கொண்டார்கள்.

கோள்மூட்டியை நான் நம்புவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பதினொரு வருடத்துக்கு முன்னால் என் தம்பி முரளி இதே நோயில், இதே மாடியில் படுத்திருந்தான். அப்பா மஜ்ஜை கொடுத்தார். நான் அப்போது புனேயில் ஹாஸ்டலில் இருந்தேன். பிழைத்துவிடுவான் என்று இருந்த நேரத்தில் தொற்று வந்து நான்கு நாளில் போய்விட்டான். அப்போதுதான் புதிதாக வந்திருந்த கோள்மூட்டி, வாசுகி அக்காவின் பெயரைச் சொன்னது. அன்றோடு அவள் எனக்கு அக்கா இல்லை. அப்பா செத்த வீட்டில்கூட நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் இந்த வேலைக்கு மனுப் போட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வந்ததும் மேஜையில் அறிக்கை கிடந்தது. அறை பதினொன்று. நோயாளி தரணீஷ், பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவன், ஊர் காங்கயம். மாற்று மஜ்ஜை வைத்துத் தொண்ணூற்றாறு நாள். காய்ச்சல் நூற்று மூன்று. கோள்மூட்டி சொன்ன பெயர் பிரதீபா. உறவு, அக்கா.

மாலை நான்கு மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் அப்பனையும் மகளையும் கூப்பிட்டேன்.

அப்பன் பெயர் நாச்சிமுத்து. தேங்காய்க் களம் வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் நான்கு பேனா. மகள் பிரதீபாவுக்கு இருபத்தாறு இருக்கும். மருதாணி போட்ட கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரும் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் அவளுக்குக் கல்யாணம் என்று அப்பன் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார். அதைக் குறித்துக்கொண்டேன்.

"என்னம்மா வேலை பாக்குற?"

"எல்.கே.ஜி. டீச்சருங்க மேடம்."

"எத்தன புள்ளைங்க?"

"முப்பத்திரண்டுங்க."

முப்பத்திரண்டு மூக்கு, முப்பத்திரண்டும் ஒழுகும். எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

"தம்பிக்கு வந்திருக்கிற கிருமி உங்கிட்ட இருந்து வந்ததுன்னு மெஷின் சொல்லுது. நீ அந்த ரூமுக்குள்ள போனதா வாசல் பதிவுல இல்ல. எப்படிப் போன?"

"போகலீங்க."

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "ஏனுங்க மேடம், அந்த மெஷினு எப்படீங்க பேரச் சொல்லும்? கிருமி மேல பேரா எழுதியிருக்குது?"

"எழுதித்தான் இருக்குங்க. ஒருத்தர் உடம்புல குடியிருந்த கிருமி, அந்த உடம்போட துணுக்கு ஒண்ண ஒட்டிக்கிட்டேதான் வெளிய வரும். ஒவ்வொருத்தர் துணுக்கும் வேற வேற, எல்லாரோடதும் அரசாங்கப் பதிவுல இருக்கு. ரத்தத்துல இருக்கிற துணுக்கையெல்லாம் மெஷின் படிக்கும். அதுல உங்க பையனோடதைக் கழிக்கும். மாத்து மஜ்ஜை வச்ச ஆளுன்னா, மஜ்ஜை குடுத்தவரோடதையும் கழிக்கும். அதாவது உங்களோடது. நீங்கதானே குடுத்தீங்க?"

"ஆமாங்." பேனாவை எடுத்து மறுபடி பையில் குத்தினார்.

"ரெண்டையும் கழிச்சா மிச்சம் நிக்கிறது உங்க பொண்ணு."

பிரதீபா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிரம்பியிருந்தது.

"மேடம், ஒரு நாளு… பத்து நாள் இருக்கும். முன்னறையில கவுனெல்லாம் போட்டுட்டு நின்னுட்டிருந்தேன். நர்ஸக்கா மருந்து குடுக்கக் கதவத் தொறந்தாங்க. அவன் உள்ள இருந்து, 'ஏக்கா, மூஞ்சியக் காட்டு, மறந்தே போச்சு'ன்னு கத்துனான். மாஸ்க்க எறக்கிச் சிரிச்சேனுங்க. ஒரு நிமிஷம்கூட இல்லீங்க."

"அந்தக் கொஞ்ச நேரமே போதும்மா."

"அப்ப நான்தானுங்களா?"

"நீதான்."

அவள் அழவில்லை. மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குற்றத்தை ஒத்துக்கொண்டவர்களிடம் எனக்கு இரக்கம் வருவதில்லை. அன்றும் வரவில்லை.

நாச்சிமுத்து மகளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லா அப்பன்களும் இந்த இடத்தில் கை ஓங்குவார்கள். இவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மேடம், அபராதம் எவ்வளவு வேணாலும் போடுங்க. போலீஸு கேஸுகூடப் போடுங்க. தடை மட்டும் போட்றாதீங்க. அவ இந்த ஆஸ்பத்திரிக்குள்ள வரோணுமுங்க."

"எதுக்கு வரணும்?"

வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

எனக்கு மூக்கு வேர்த்தது. அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலை முழுதாகப் படித்தேன். படிக்கப் படிக்க நாற்றம் அதிகமாயிற்று. புது மஜ்ஜை பலவீனமாக இருப்பதால், கொடையாளரிடமிருந்து இன்னொரு முறை அணுக்கள் எடுக்க வேண்டும் என்று டாக்டர் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாச்சிமுத்து முதல் தடவை சர்க்கரை ஏறிவிட்டது என்றார். அடுத்த தடவை அஷ்டமி. மூன்றாவது தடவை, மகள் கல்யாணம் முடியட்டும் என்றார். பெற்ற பிள்ளை உள்ளே சாகக் கிடக்கிறான், இவருக்கு நாள் நட்சத்திரம்!

ஒரு தோப்பு, ஒரு களம், இரண்டு பிள்ளைகள். ஒன்று போனால் மொத்தமும் மற்றதுக்கு. அக்காக்காரி கிருமியைக் கொண்டுவந்து வைக்கிறாள், அப்பன் மருந்தைத் தள்ளிப்போடுகிறான். மாப்பிள்ளை வீடு என்ன கேட்டதோ! இப்படித்தான் யோசித்தேன். மறைத்து என்ன பயன்? பெரிய கூட்டுச்சதியைக் கண்டுபிடித்துவிட்ட தெம்பில் கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றேன்.

இரண்டரை மணிக்கு ரத்த வங்கியிலிருந்து ஜெபராஜ் கூப்பிட்டான். நாகர்கோவில்காரன், பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறான். என்னைக் கண்டு பேச்சை நிறுத்தாத ஒரே ஆள்.

"மேடம், அந்தப் பதினொண்ணாம் ரூம் ஃபைல் உங்க கையிலயா இருக்கு? கொஞ்சம் கீழ வாங்களேன். எனக்கு ஒண்ணு இடிக்குது."

போனேன். மூன்று சீட்டுகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தான்.

"பையன் பொறந்ததுல இருந்து ஏ பாசிட்டிவ். மஜ்ஜை மாத்துனா, கொஞ்ச மாசத்துல ரத்தம் குடுத்தவங்க குரூப்புக்கு மாறும். தெரியும்லா? இப்ப மாறிட்டு வருது. பி பாசிட்டிவ். கொடையாளர் குரூப்பும் பி-ன்னுதான் மஜ்ஜை எடுத்த ஈரோட்டு ஆஸ்பத்திரி எழுதி அனுப்பியிருக்கு."

"சரி, பொருந்துதே."

"பொருந்துது. ஆனா நேத்து அந்தப் பெரியவர் பையனுக்குத் தட்டணு குடுக்கேன்னு எங்கிட்ட வந்தாரு. சோதிச்சேன். அவரு ஏபி."

"மாத்திச் சோதிச்சிருப்ப."

"மூணு தடவை சோதிச்சேன் மேடம். ஏபி-காரர் மஜ்ஜை குடுத்தா பையனுக்கு ஏபி வரணும். பி எங்க இருந்து வரும்? குடுத்தது அவரே இல்ல."

"பேப்பர்ல அவர் பேர் இருக்கு ஜெபா."

"பேப்பர எழுதுனது மனுசன்தானே."

சிரிக்கத்தான் போனேன். அப்புறம் காலையில் நானே அந்த அப்பனுக்குச் சொன்ன விளக்கம் ஞாபகம் வந்தது. பையனோடதைக் கழிக்கும், கொடுத்தவரோடதைக் கழிக்கும். பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஜெபா, அப்பா குடுக்கலன்னா கோள்மூட்டி யாரக் கழிச்சிருக்கு?"

"சம்பந்தமே இல்லாத அப்பாவ. உண்மையாக் குடுத்தவங்களக் கழிக்கல. பையன் உடம்புல இப்ப ஓடுறதே அவங்க ரத்தம். அது முழுசும் வெளியாளுன்னு மிச்சம் நிக்கும்."

"அப்ப கிருமி?"

"கிருமி எங்கயும் இருந்து வரல மேடம். அவன் குடல்லயே கிடந்தது. நமக்கெல்லாம் கிடக்கத்தானே செய்யுது? காவலுக்கு வெள்ளையணு இல்லாம அது ரத்தத்துக்குள்ள ஏறியிருக்கு. ஏறுனது கையில கிடைச்ச துணுக்க ஒட்டிக்கிட்டு நிக்கு. அந்தத் துணுக்குல அக்கா பேரு இருந்தா, மஜ்ஜை குடுத்தது அக்கா."

மாடிக்கு லிஃப்டில் போகாமல் படியில் ஏறினேன். ஏன் என்று தெரியாது, அந்தப் பெட்டிக்குள் தனியாக நிற்க முடியாது போலிருந்தது.

நாச்சிமுத்துவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"உங்க குரூப் ஏபி. உங்க பையன் ரத்தம் இப்ப பி. மஜ்ஜை குடுத்தது யாருங்க?"

மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"என்ற பொண்ணுதானுங்க."

"ஏன் பொய் எழுதுனீங்க?"

"எழுதாம என்னங்க பண்றது? பொம்பளப் புள்ள. எலும்புக்குள்ள ஊசி குத்தி ஊன உறிஞ்சுன பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நாளைக்குப் புள்ள தங்குமா, இடுப்பு நிக்குமான்னு கேப்பானுங்க. டாக்டரு ஒண்ணுமாகாதுன்னு சொல்றாரு. டாக்டரா வந்து கட்டிக்குவாரு? ஈரோட்டு ஆஸ்பத்திரியில இருந்த ஆளுகிட்ட அழுது என்ற பேர எழுத வெச்சேன். ஊருக்கு நானும் இடுப்புல கட்டுப் போட்டுட்டுப் பத்து நாள் நொண்டுனேனுங்க."

"நொண்டினீங்களா?"

"நொண்டுனேன். சொந்தக்காரங்க அல்லாரும் ஆப்பிளு, ஹார்லிக்ஸுன்னு தூக்கிட்டு வந்து, 'உங்களாட்டம் அப்பன் உண்டா'ன்னாங்க. ஊசி குத்துன புள்ள அவிகளுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு நின்னுச்சு." மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "தாலி ஏறுனதும் டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லி மறுக்கா அவளக் கூட்டியாந்து குடுக்க வெச்சரலாம்னு இருந்தேனுங்க. ஒம்பதே நாளு. அதுக்குள்ள நீங்க தடை போட்டா அவ எப்படி உள்ள வருவா? என்ற பையன் செத்துப்போவானுங்க."

இந்த ஆளைத்தான் தோப்புக்காகப் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறான் என்று நினைத்தேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபத்தை அவர்மேல் காட்டினேன்.

"நீங்க அன்னிக்கு உண்மைய எழுதியிருந்தா மெஷின் இன்னிக்கு அவ பேரச் சொல்லியே இருக்காதுங்க! உங்க பொண்ணு எதையும் கொண்டுவரல. பையன் உடம்புல ஓடுற அவளோட ரத்தத்தைத்தான் மெஷின் காட்டிக் குடுத்திருக்கு. அவளுக்கு நல்லது பண்றேன்னு நீங்கதான் அவளக் குத்தவாளி ஆக்கியிருக்கீங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் "அம்மணீ" என்று மகளைக் கூப்பிட்டுக் கத்தினார். பிரதீபா பதறிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

அவளுக்கு நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப நான் மாஸ்க்க எறக்குனது?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா."

"நெசமாவா?"

"சத்தியமா. அது மட்டுமில்ல. உன் பேர் இவ்வளவு பலமா வருதுன்னா உன் மஜ்ஜை அவனுக்குள்ள உசுரோட இருக்குன்னு அர்த்தம். மெதுவா வேலை செய்யுது, அவ்வளவுதான். கிருமிக்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கு, காய்ச்சல் எறங்குது. நீ இன்னொரு தடவை குடுத்தா டாக்டர் பாத்துக்குவாரு."

"இப்பவே குடுக்கறேனுங்க."

நாச்சிமுத்து துண்டைக் கையில் முறுக்கினார். "அம்மணி, மாப்பிள்ளை ஊட்டுல…"

"நானே ஃபோன் பண்ணிச் சொல்லிக்கறேன்ப்பா. கல்யாணம் நின்னா நிக்கட்டும். நீங்க மறுக்கா நொண்ட வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அப்படித்தான் அன்று திறந்த கதவு வழியாகத் தம்பியைப் பார்த்துச் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கொடையாளர் பெயரைத் திருத்தச் சொல்லி டாக்டருக்கு எழுதினேன். தடை அறிக்கையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். மணி மூன்று ஐம்பது.

அவர்கள் போன பிறகு அறையில் நான் மட்டும் இருந்தேன். வழக்கமாக அறிக்கை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அன்று கை போகவில்லை. பொய் சொன்ன முதல் அப்பன் நாச்சிமுத்துதானா? பெண் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய வீடு காங்கயத்தில் மட்டும்தான் இருக்கிறதா?

என் சந்தேகப் புத்தி எங்கே விடும்? பழைய ஃபைல்களில் தேடினேன். மாற்று மஜ்ஜை வைத்த நோயாளிகள். கொடையாளர், தந்தை. தடை விதிக்கப்பட்டவர், அக்கா அல்லது தங்கை.

பதினேழு ஃபைல் வந்தது. பதினாறில் கீழே என் கையெழுத்து. நேராக நிமிர்ந்து எழுதுகிற என் 'சு', ஒன்றில்கூட நடுங்கவில்லை. அந்தப் பெண்களில் சிலரின் முகம் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுத ஒருத்தி, தலையே நிமிராமல் பேசிய ஒருத்தி. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தும்மினேன் என்றார்கள், தலை வாரிவிட்டேன் என்றார்கள். அன்பாக இருந்த ஏதோ ஒரு நிமிடத்தைத் தேடி எடுத்து அதைக் குற்றமாக என்னிடம் கொடுத்தார்கள்.

பட்டியல் தேதி வாரியாக இருந்தது. முதல் ஃபைலில் மட்டும் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோயாளியின் பெயர் முரளி.

திறந்தேன். கொடையாளர், தந்தை. நோயாளியின் கடைசி ரத்தச் சோதனை, பி பாசிட்டிவ். என் அப்பா பஸ் டிரைவர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே சிவப்பில் 'ஓ பாசிட்டிவ்' என்று இருக்கும். சின்ன வயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்த அட்டையில்தான். முரளி போன ஆறாவது மாதம் வாசுகி அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. எழவு வீட்டு ஈரம்கூடக் காயவில்லை, இவளுக்கு மாலையா என்று நான் புனேயிலிருந்து வரவே இல்லை.

அவள் நம்பரை நான் எந்த ஃபோனிலும் ஏற்றவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. நான்கு மணி அடித்தபின் அழுத்தினேன்.

"அலோ?" பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அக்கா. நான் சுகந்தி."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, உன் ப்ளட் குரூப் என்ன?"

பதினொரு வருடம் கழித்து அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"பி பாசிட்டிவ்டி," என்றாள். "அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. யாருக்கும் தெரியக் கூடாது, சுகந்திக்கும் தெரியக் கூடாதுன்னு. அப்புறம் மெஷின் அப்படிச் சொன்னப்ப… குடுத்ததும் நான், கெடுத்ததும் நானா, இத யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"அக்கா, நீ கெடுக்கல. மெஷின் உன் ரத்தத்தத்தான் பாத்துச்சு. நீ குடுத்த ரத்தத்த. அவனுக்குள்ள கடைசி வரைக்கும் அதுதான் ஓடிச்சு. கிருமி உங்கிட்ட இருந்து வரல."

"நான் அவனுக்கு ஒரு வாய் ரசஞ்சோறு ஊட்டினேன்டி. கையை நல்லாத்தான் கழுவினேன்."

"தெரியும்க்கா. நீ ஒண்ணும் பண்ணல."

"என்ன சொன்ன?"

"நீ ஒண்ணும் பண்ணலக்கா."

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

சொன்னேன்.